இல்லத்து இணைய வாயிலும் அதன் காவலும்

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கப்பட்டபோது, தொலைபேசிக் கம்பியையும் மோடத்தையும் கொண்டு ஒரே ஒரு கணினியை வலையமைப்புடன் இணைப்பதே இயல்பாக இருந்தது. தேவைப்படும்போது இணைப்பைப் பெறுவதும், பணி முடிந்தவுடன் அதனைத் துண்டித்துவிடுவதும் வழக்கம். இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. கண்ணாடி இழை நகரத்து இல்லங்களின் வாயில்வரை வந்துவிட்டது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டம், பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்று, இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளை எட்டியுள்ளது. இணைப்பு இரவும் பகலும் அறுபடாமல் இருக்கிறது. அதில் ஒரு கணினி மட்டுமன்றிக் கைப்பேசிகள், தொலைக்காட்சிப் பெட்டி, கண்காணிப்புக் கேமரா, அச்சுப்பொறி ஆகிய பலவும் ஒருங்கே இணைந்துள்ளன.

இவை அனைத்திற்கும் பொதுவான ஒரே வாயில், சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு பெட்டியாகும். ரவுட்டர் என்று வழங்கப்படும் இக்கருவியை இணைப்பு வழங்குபவரின் பணியாளர் வந்து பொருத்துகிறார், வைஃபை கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார், சென்றுவிடுகிறார். அதன் பின்னர் பெட்டியின் விளக்குகள் எரிகின்றனவா என்பதைத் தவிர, வேறு எதனையும் வீட்டார் கவனிப்பதில்லை. கருவியின் உள்ளே நிர்வாகப் பக்கம் என ஒன்று உண்டு என்பதும், வாயிலின் தாழ்ப்பாள்கள் யாவும் அங்கேதான் உள்ளன என்பதும் பெரும்பாலோர் அறியாத செய்திகள். இந்த அறியாமையின் விளைவு ஒரு வீட்டுடன் நின்றுவிடுவதில்லை. கடந்த கால நிகழ்ச்சிகள் சில இதனைத் தெளிவாக உணர்த்துகின்றன.

அகமதாபாத் தந்த படிப்பினை

2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றிற்குச் சில நிமிடங்கள் முன்னதாகச் செய்தி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. அது புறப்பட்ட இணைய முகவரியைப் பின்தொடர்ந்த புலனாய்வாளர்கள், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அயல்நாட்டவரின் இல்லத்தைச் சென்றடைந்தனர். அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன. அவர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். அவருடைய வைஃபை இணைப்பு போதிய காப்பின்றி இருந்ததும், பிறர் அதன் வழியாக அம்மின்னஞ்சலை அனுப்பியதும் பின்னர் புலப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் தில்லியில் குண்டுகள் வெடித்தபோது வந்த மின்னஞ்சல், மும்பை செம்பூரில் இருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை வழியாகச் சென்றிருந்தது.

இந்நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்புடன் பயன்படுத்துவது பற்றி 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்களை வழங்கியது. இவற்றிலிருந்து பெறவேண்டிய படிப்பினை எளியது. வெளியுலகின் பார்வையில் ஒரு வீட்டிற்கு உள்ளது ஒரே முகவரியே. அந்த வாயில் வழியாக எவர் சென்றாலும், முதலில் விடையளிக்க வேண்டியவர் இணைப்பின் உரிமையாளரே ஆவார்.

ரவுட்டர் ஆற்றும் பணி

ஒரே முகவரியைப் பல கருவிகள் எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்ற ஐயம் இங்கு எழலாம். இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளன. உலக மக்கள் தொகையைவிட இது குறைவு. ஆகவே, சில முகவரித் தொகுதிகளை வீடுகளும் அலுவலகங்களும் தத்தம் எல்லைக்குள் தடையின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என 1996 பிப்ரவரியில் வெளியான பொது நெறிமுறை ஒன்று ஒதுக்கீடு செய்தது. 10 என்ற எண்ணில் தொடங்கும் முகவரிகள், 172.16 முதல் 172.31 வரையிலானவை, 192.168 எனத் தொடங்குபவை ஆகியன அவை. இம்முகவரிகள் வீட்டிற்குள் மட்டுமே செல்லுபடியாகும். பொது இணையத்தில் இவற்றிற்கு இடமில்லை.

ஒரு பெரிய அலுவலகத்தின் தபால் பிரிவை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் கடிதங்கள் யாவும் அலுவலகத்தின் ஒரே முகவரிக்கு வருகின்றன. எந்தப் பிரிவு எந்தக் கடிதத்தை அனுப்பியது என்பதைத் தபால் பிரிவு பதிவேட்டில் குறித்து வைத்திருப்பதால், மறுமொழி வந்தவுடன் அதனை உரிய மேசைக்குச் சேர்ப்பிக்க முடிகிறது. ரவுட்டர் செய்வதும் இதுவே. உள்ளிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி வழங்குகிறது. அவற்றின் வேண்டுகோள்களைத் தன் பொது முகவரியில் வெளியே அனுப்புகிறது. வரும் விடைகளைப் பதிவேட்டின்படி பிரித்தளிக்கிறது. கேட்கப்படாமல் வரும் செய்திக்குப் பதிவேட்டில் இடமில்லையாதலால், அது பொதுவாக உள்ளே நுழைவதில்லை.

இம்முறை ஓரளவு பாதுகாப்பையும் தருவதுண்டு. எனினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. முகவரிப் பற்றாக்குறையைப் போக்க வந்த ஆறாம் பதிப்பு முறையைப் பெருமளவில் ஏற்றுக்கொண்ட நாடுகளுள் இந்தியா முன்வரிசையில் உள்ளது. இப்புதிய முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உலகெங்கும் செல்லுபடியாகும் தனி முகவரி கிடைத்துவிடுகிறது. அந்நிலையில் அழையாத விருந்தாளியைத் தடுப்பது முகவரி மாற்றமன்று. ஃபயர்வால் எனப்படும் தடுப்பரணே. நிர்வாகப் பக்கத்தில் அது செயல்நிலையில் உள்ளதா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

நிர்வாகப் பக்கத்தை அடையும் வழி

நிர்வாகப் பக்கம் என்பது ரவுட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு சிறு இணையப் பக்கமாகும். அதனைத் திறப்பதற்கு இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. ரவுட்டருடன் இணைப்பு இருந்தாலே போதும். கம்பி வழியாகக் கணினியை நேரே இணைத்துக்கொள்வது சிறந்தது. வைஃபை வழியாக இணைந்தவாறே வைஃபை அமைப்புகளை மாற்றினால், மாற்றத்தின் நடுவே இணைப்பு அறுந்துபோகும். கைப்பேசியில் முயல்வோர் அதன் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுவது நலம். இல்லையெனில் வேண்டுகோள் ரவுட்டருக்குச் செல்லாமல் கைப்பேசிக் கோபுரத்திற்குச் சென்றுவிடக்கூடும்.

அடுத்துத் தேவைப்படுவது ரவுட்டரின் முகவரி. பெரும்பாலான கருவிகளில் இது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பெட்டியின் அடிப்பகுதியில் ஒட்டப்பட்ட சீட்டில் இது அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். சீட்டு அழிந்திருந்தால் கணினியிடமே கேட்டறியலாம். விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டால், டீஃபால்ட் கேட்வே என்ற வரிக்கு எதிரே காணப்படும் எண்ணே ரவுட்டரின் முகவரி. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் கைப்பேசிகளில் வைஃபை அமைப்புகளில், இணைந்துள்ள வலையமைப்பின் விவரங்களுக்குள் இது இடம்பெறும்.

இவ்வெண்ணை உலாவியின் முகவரிப் பட்டையில் புள்ளிகளுடன் தட்டச்சு செய்தல் வேண்டும். தேடுபொறியின் கட்டத்தில் இட்டால், அது இணையத்தில் தேடப் புறப்பட்டு வேறு பக்கங்களைக் காட்டும். சரியாக இட்டவுடன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பக்கம் தோன்றும். சில வேளைகளில் இப்பக்கம் பாதுகாப்பற்றது என உலாவி எச்சரிப்பதுண்டு. வீட்டுக்குள் இயங்கும் கருவிக்குப் பொதுச் சான்றிதழ் இல்லாமையே அதற்குக் காரணம். தட்டச்சு செய்த எண் தன் ரவுட்டரின் எண்தான் என உறுதி செய்துகொண்டபின் மேற்செல்லலாம்.

இரண்டு சாவிகள்

இவ்விடத்தில் பலரும் குழப்பம் அடைவதுண்டு. ஒரு ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உள்ளன. ஒன்று வைஃபை கடவுச்சொல். அது வீட்டிற்குள் நுழைவதற்கான சாவி. மற்றொன்று நிர்வாகக் கடவுச்சொல். அது பூட்டையே மாற்றும் உரிமையைத் தரும் சாவி. முன்னதை உறவினர்க்கும் விருந்தினர்க்கும் அளிக்கலாம். பின்னதை வீட்டின் பொறுப்பாளர் தவிர வேறெவரும் அறியவேண்டிய தேவையில்லை.

ஆனால் நடைமுறையில் முன்னதை மாற்றுவோர் பலர். பின்னதை மாற்றுவோர் சிலர். பல கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அட்மின் என்ற ஒரே சொல்லாக அமைந்திருந்தன. ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய தொடக்கக் கடவுச்சொற்களின் பட்டியல் எவரும் எளிதில் பெறக்கூடியது. எனவே, மாற்றப்படாத நிர்வாகக் கடவுச்சொல்லைக் கடவுச்சொல் எனக் கொள்வதற்கில்லை.

இதன் விளைவை உலகம் 2016ஆம் ஆண்டில் கண்டது. மீராய் எனப் பெயரிடப்பட்ட தீநிரல் ஒன்று, கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் இணையத்தில் தேடிச் சென்று, ஏறத்தாழ 60 தொடக்கப் பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது. சிக்கலான உத்தி எதுவும் அதில் இல்லை. கதவைத் தள்ளிப் பார்த்துத் திறந்திருந்தால் உள்ளே நுழைவதே அதன் முறை. இவ்வாறு கைப்பற்றப்பட்ட இலட்சக்கணக்கான கருவிகள், அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவின் பெயர்-முகவரிச் சேவை நிறுவனம் ஒன்றின்மீது ஒரே நேரத்தில் வேண்டுகோள்களைக் குவித்தன. அதனால் புகழ்பெற்ற பல இணையத்தளங்கள் பல மணி நேரம் எட்டாக்கனியாயின. அடுத்த மாதம் அதன் ஒரு வகை ஜெர்மனியில் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பைத் தடைப்படுத்தியது. தம் வீட்டுக் கருவி இச்செயலில் பங்குகொண்டதை அதன் உரிமையாளர்கள் அறியவே இல்லை. அத்தீநிரல் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கியிருந்தது. கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் அது மறைந்துவிடும். ஆயினும் கடவுச்சொல்லை மாற்றாவிடில் சில நிமிடங்களிலேயே மீண்டும் தொற்றிக்கொண்டது.

வைஃபையின் பூட்டு

கம்பியில்லா இணைப்பின் செய்திகள் சுவரைக் கடந்து தெருவரை செல்கின்றன. ஆதலால் அவற்றைப் பிறர் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்தல் வேண்டும். 1997இல் வந்த முதல் முறையான வெப் 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டது. 2003இல் இடைக்கால ஏற்பாடாக டபிள்யூ.பி.ஏ. வந்தது. 2004இல் அதன் இரண்டாம் பதிப்பும், 2018இல் மூன்றாம் பதிப்பும் வெளியாயின. நிர்வாகப் பக்கத்தின் வைஃபை பாதுகாப்புப் பகுதியில் மூன்றாம் பதிப்பைத் தெரிவு செய்வது நலம். பழைய கருவிகள் அதனை ஏற்காவிடில் இரண்டாம் பதிப்பையும் மூன்றாம் பதிப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வெப் முறையையோ, கடவுச்சொல் அற்ற திறந்த முறையையோ எக்காரணம் பற்றியும் வைத்திருத்தல் கூடாது.

பூட்டு உறுதியாயினும் சாவி எளிதாயின் பயனில்லை. இரண்டாம் பதிப்பில் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள்வரை இருக்கலாம். ஒரு கைப்பேசி ரவுட்டருடன் இணையும் தருணத்தில் பரிமாறப்படும் செய்திகளை அருகில் இருப்பவர் பதிவு செய்துகொண்டால், பின்னர் தம் இருப்பிடத்தில் அமர்ந்து கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியும். இன்றைய திறன்மிக்க வரைகலைச் செயலி ஒன்று நொடிக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைச் சோதிக்கவல்லது. பிறந்த நாளைப் போன்ற எட்டு இலக்க எண்களின் மொத்தம் 10 கோடியே. அவற்றை முழுவதும் சோதிக்க இரண்டு நிமிடங்கள்கூட ஆகா. நம் வீடுகளில் பெரிதும் வழக்கிலுள்ள பத்து இலக்கக் கைப்பேசி எண்ணின் நிலையும் இதுவே. நாட்டில் அவ்வெண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் தொடங்குவதால், 400 கோடிக்கு மேல் வாய்ப்பில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவை தீர்ந்துவிடும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களை இணைத்து அமைக்கும் நீண்ட கடவுச்சொல், நினைவில் வைப்பதற்கும் எளிது, உடைப்பதற்கும் அரிது.

கடவுச்சொல்லுக்கு மாற்றாக, பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்கப் பின் எண்ணை இட்டோ இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியும் பல கருவிகளில் உண்டு. 2011 டிசம்பரில் இதன் பின் எண் முறையில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. எட்டு இலக்கங்களுள் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. எஞ்சிய ஏழையும் ரவுட்டர் ஒருசேரச் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கையும் பின் மூன்றையும் தனித்தனியே சரிபார்த்து விடையளிக்கிறது. எனவே 10 கோடி முயற்சிகளுக்குப் பதிலாக 10,000உம் 1,000உம் கூடிய 11,000 முயற்சிகளே போதுமானவை. பின் எண் வசதியை நிர்வாகப் பக்கத்தில் முடக்கி வைத்தலே அறிவுடைமை.

மூடப்பட வேண்டிய பக்கக் கதவுகள்

முன்வாயிலைப் பூட்டியபின் பக்கக் கதவுகளையும் பார்த்தல் வேண்டும். அவற்றுள் முதலாவது தொலைநிர்வாகம். வெளியூரிலிருந்தும் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க வழிசெய்யும் இவ்வசதி, இல்லங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இது திறந்திருந்தால் உலகின் எம்மூலையிலிருந்தும் ஒருவர் கடவுச்சொல்லை முயன்று பார்க்கலாம். இணைப்பு வழங்குபவர் தம் பராமரிப்புக்கெனத் தனி வழியை வைத்திருப்பதுண்டு. அதனை அவரைக் கலந்தாலோசித்த பின்னரே மாற்றுதல் வேண்டும்.

இரண்டாவது, யு.பி.என்.பி. என்ற வசதி. வீட்டினுள் இருக்கும் ஒரு கருவி, உரிமையாளரைக் கேளாமலேயே தடுப்பரணில் தனக்கொரு துளையிட்டுக்கொள்ள இது இடமளிக்கிறது. விளையாட்டுக் கருவிகளுக்கும் சில கேமராக்களுக்கும் இது பயன்படலாம். தேவையற்ற இல்லங்களில் இதனை நிறுத்திவைப்பதால் இழப்பு ஏதுமில்லை.

மூன்றாவதும் மிக நுட்பமானதும் டி.என்.எஸ். அமைப்பாகும். தளத்தின் பெயரைக் கூறினால் அதன் எண் முகவரியைத் தெரிவிக்கும் தொலைபேசி விவரப் புத்தகம் போன்றது டி.என்.எஸ். எந்தப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்பதை ரவுட்டரே வீட்டின் கருவிகள் அனைத்திற்கும் சொல்கிறது. அவ்வொரு வரியை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைத் தட்டச்சு செய்பவரை வேறோர் இடத்திற்கு அழைத்துச் சென்றுவிடலாம். டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற தீநிரல் இவ்வழியையே பின்பற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் அதற்கு இரையாயின. தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டர்களின் டி.என்.எஸ். வரியையும் அது மாற்றிவிட்டது. 2011 நவம்பரில் அதனை இயக்கியோர் எஸ்டோனியாவில் கைது செய்யப்பட்டனர். ஆயினும் போலிப் புத்தகத்தை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டோர் அனைவரும் இணையத்தை இழந்துவிடுவர் என்பதால், நீதிமன்ற ஆணையின்படி அவ்விடத்தில் சரியான சேவை நிறுவப்பட்டு, 2012 ஜூலை 9 வரை இயக்கப்பட்டது. கருவியைத் திருத்துவதைவிட உரிமையாளரைக் கண்டறிந்து அறிவுறுத்துவதே கடினமாயிருந்தது என்பதற்கு இது சான்றாகும். நிர்வாகப் பக்கத்தில் டி.என்.எஸ். முகவரிகள் இணைப்பு வழங்குபவர் அளித்தவையா, உரிமையாளர் தாமே தெரிவு செய்தவையா என அவ்வப்போது பார்ப்பது நல்ல வழக்கம்.

புதுப்பித்தலும் ஓய்வளித்தலும்

ரவுட்டரும் ஒரு சிறு கணினியே. அதனுள் இயங்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் குறைகள் கண்டறியப்படுகின்றன. தயாரிப்பாளர் திருத்தங்களை வெளியிடுகிறார். நிர்வாகப் பக்கத்தில் தானியங்கிப் புதுப்பித்தல் என்ற தெரிவு இருப்பின் அதனை இயக்கி வைக்கலாம். புதுப்பித்தல் நடைபெறும்போது மின்சாரம் தடைப்பட்டால் கருவி பழுதடையக்கூடும் என்பதால், மின்தடை மிகுந்த நேரங்களைத் தவிர்த்தல் வேண்டும்.

2018 மே மாதத்தில் வி.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் பரவியிருந்தமை கண்டறியப்பட்டது. மீராயைப் போலன்றி, மீண்டும் இயக்கிய பின்னரும் இதன் ஒரு பகுதி கருவியிலேயே தங்கிவிடும் தன்மையுடையது. தயாரிப்பாளரின் ஆதரவுக்காலம் முடிந்த ரவுட்டர்களைக் குற்றவாளிகள் தம் அடையாளத்தை மறைக்கும் இடைவழியாகப் பயன்படுத்துவது குறித்து, அமெரிக்கப் புலனாய்வுத் துறை 2025 மே மாதத்தில் எச்சரிக்கை விடுத்தது. நல்ல நிலையில் ஓடும் கருவியை மாற்றுவது வீண்செலவாகத் தோன்றலாம். ஆயினும் திருத்தம் வாராத கருவி, பூட்டுப் பழுதான கதவுக்கு ஒப்பானது.

மாற்றங்களைச் செய்யும் முறை

அமைப்புகளை மாற்றுவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்வது பயனளிக்கும். முதலாவதாக, மாற்றுவதற்கு முன் இருந்த நிலையை எழுதியோ படமெடுத்தோ வைத்துக்கொள்ள வேண்டும். அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. இரண்டாவதாக, ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தையே செய்து, இணைப்பு இயங்குவதை உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டும். மூன்றாவதாக, விருந்தினர்க்கும் தொலைக்காட்சி, கேமரா போன்ற கருவிகளுக்கும் கெஸ்ட் நெட்வொர்க் எனப்படும் தனி வலையமைப்பை ஏற்படுத்தலாம். அவற்றுள் ஒன்று கெட்டாலும் கணினியில் உள்ள ஆவணங்களை அது எட்டாது.

நிர்வாகக் கடவுச்சொல் மறந்துவிடின், பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையினுள் உள்ள ரீசெட் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் கருவி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. இணைப்பு வழங்குபவர் அளித்த பயனர் பெயர், கடவுச்சொல், இழை இணைப்புக்குரிய எண்கள் ஆகியனவும் உடன் அழிந்துவிடும். அவற்றைக் குறித்து வைக்காதவர் பணியாளரின் வரவுக்குக் காத்திருக்க நேரிடும். ரீசெட் செய்தவுடன் தொடக்கக் கடவுச்சொல் மீண்டும் உயிர்பெறுகிறது என்பதையும் மறத்தலாகாது.

வேகக் குறைவைப் போக்கவும் நிர்வாகப் பக்கம் உதவும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெடுந்தொலைவு செல்லும். ஆனால் நெரிசல் மிக்கது. அதில் ஒன்றையொன்று குறுக்கிடாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டை வீட்டார் பயன்படுத்தாத தடத்தைத் தெரிவு செய்தால் பயன் தெரியும். 2018 அக்டோபரில் இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி உரிமம் இன்றிப் பயன்படுத்த விடுவிக்கப்பட்டது. அது வேகம் மிக்கது; சுவர்களைக் கடப்பதில் வலுக்குறைந்தது.

பொறுப்பு யாருடையது?

கோடிக்கணக்கான இல்லத்தாரை வலையமைப்பு வல்லுநராக்க முயல்வதைவிட, தயாரிப்பாளரே பாதுகாப்பான நிலையில் கருவியை விற்பது மேல் என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இணையக் கருவி ஒவ்வொன்றிற்கும் தனித்த கடவுச்சொல் இருத்தல் வேண்டும், அல்லது முதற்பயன்பாட்டிலேயே அதனை மாற்றச் செய்தல் வேண்டும் என வற்புறுத்துகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான தொடக்கக் கடவுச்சொல் தடை செய்யப்பட்டுள்ளது.

இந்தியாவில் 2004 முதல் இயங்கிவரும் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவாகிய செர்ட்-இன் இத்துறையில் எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரா, தீநிரல் தொற்றிய கருவிகளைக் கண்டறியவும் தூய்மைப்படுத்தவும் துணைபுரிகிறது. 2022 ஏப்ரல் 28ஆம் நாள் செர்ட்-இன் பிறப்பித்த ஆணைகளின்படி, அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் தம் ரவுட்டர் போன்ற வலையமைப்புக் கருவிகள் தாக்கப்பட்டமை தெரியவந்த 6 மணி நேரத்திற்குள் அதனைத் தெரிவித்தல் வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் பேணி வைத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் அலுவலர்களின் பங்கு முதன்மை பெறுகிறது. ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பொருத்தப்படும் ரவுட்டர், நாற்காலி மேசைகளைப் போல இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆனால் அதன் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் உள்ளது, அது மாற்றப்பட்டதா, மென்பொருள் என்று புதுப்பிக்கப்பட்டது என்பன பதிவாவதில்லை. பொறுப்பில் இருந்தவர் மாறுதலாகிச் செல்லும்போது, அலமாரிச் சாவிகள் பட்டியலிட்டு ஒப்படைக்கப்படுகின்றன; இச்சாவி மட்டும் விடுபட்டுவிடுகிறது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி சேர்ப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மாணவர்களும் இதில் பெரும்பணி ஆற்ற இயலும். நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல்லை மாற்றி, பின் எண் வசதியையும் தொலைநிர்வாகத்தையும் நிறுத்தி, டி.என்.எஸ். வரியைச் சரிபார்த்து, மென்பொருளைப் புதுப்பிக்க அரைமணி நேரத்திற்கு மேல் ஆகாது. தன் வீட்டில் இதனைச் செய்து பழகிய மாணவர், பக்கத்து வீட்டு முதியவர்க்கும் தெருக்கோடிக் கடைக்காரர்க்கும் அருகிலிருந்து கற்றுத்தரலாம். ஆயின் புதிய சாவியை அவர்களே தட்டச்சு செய்யும்படி விட்டு, தாம் அதனை அறியாதிருத்தல் வேண்டும். கண்ணாடி இழை நாட்டின் கடைக்கோடிச் சிற்றூரையும் எட்டிவரும் இந்நாளில், இணைப்புகளின் எண்ணிக்கை கூடுவது மட்டும் வளர்ச்சியாகாது. ஒவ்வோர் இணைப்பின் வாயிலிலும் அதன் உரிமையாளரே காவலராக நிற்பது அவ்வளர்ச்சியின் மறுபாதியாகும்.